ஏற்றத்தில் தள்ளலாம்

தலவாக்கலையில் சைக்கிள் கடையா என்று
கடன் கேட்டபோது வங்கிக்காரர் சிரித்தார்.
அவர் ஜன்னலுக்கு வெளியே
ரோட்டும் செங்குத்தாக நின்று சிரித்தது.

பெட்ரோல் வரிசை நீண்ட வருசம்
பதினேழு விற்றேன்.
வரிசை கலைந்ததும் பதினேழும்
லயத்துச் சுவரில் சாய்ந்து
ஈரச் சேலை சுமந்தன.

அப்புறம்தான் பலகையில் எழுதினேன்:
ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம், வெட்கமில்லை.
காற்று இலவசம்.
ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள்,
காசைப் பிறகு பேசுவோம்.

காற்றுக்கு வந்தார்கள்.
விலை சொல்லவில்லை நான்,
தேய்ந்த பிரேக் கட்டையைத்தான் மாற்றிக் கொடுத்தேன்.
இங்கே ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும்,
இறக்கம் ஆளையே வாங்கும்.

பிள்ளைக்காம்பரா சந்தனமேரி
பின்னால் பெரிய பல்சக்கரம் கேட்டாள்,
முன்னால் பால்மாப் பெட்டிக்கு ஒரு கூடை.
ஏழாம் நாள் காசோடு வரவில்லை;
கொழுந்து மடுவத்திலிருந்து
மூன்று பேரோடு வந்தாள்.
ஒருத்திக்கு ஓட்டவே தெரியாது.

எதிர் மைதானத்தில், பனிமூட்டத்துக்குள்,
சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.
முன்னால் அவள் முதுகு மட்டும் தெரிகிறது,
கடை தெரியவில்லை.
பூட்டினேனா?

அந்தப் பக்கமிருந்து
யாரோ காற்றடிக்கும் சத்தம்.
புஸ்.
புஸ்.