பதினாலாவது பிரிவு

பதிவுத் தபாலில் வந்தது.
வெளியே ஜூலை மழை.
தபால்காரர் நீட்டிய கார்டில் ஈரம்;
என் பெயர் பாதிதான் விழுந்தது.

'இரண்டாம் தரப்பினராகிய தங்களுடன் செய்துகொண்ட
கொழுந்து ஏற்றும் ஒப்பந்தம்
பிரிவு பதினாலின்படி
காரணம் ஏதும் குறிப்பிடாமல்
இதனால் முடித்துக்கொள்ளப்படுகிறது.'

ஒன்பது வருஷம்.
சோலூர்மட்டத்தில் ஆறு மூட்டை,
கீழ்க்கோத்தகிரியில் பதினொன்று,
சூடேறிச் சிவக்கும் முன் தராசுக்குச் சேர்த்தவன்.
மண் சரிந்து ரோடு அடைத்த அன்று
மூட்டைகளைத் தலையில் கடத்தி
அந்தப் பக்கத்து ஜீப்பில் ஏற்றியவன்.
இதெல்லாம் எந்தப் பிரிவிலும் வராது.

ராத்திரி முழுக்கக் காரணம் தேடினேன்.
டீசல் ஏறியபோது நடைக்கு ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டதா?
ஈரம் என்று எட்டுக் கிலோ கழித்தபோது
தோட்டக்காரர் பக்கம் பேசியதா?
மேனேஜர் மச்சான் புது வண்டி எடுத்திருக்கிறானே, அதா?
தவமணி இருட்டில் புரண்டு கேட்டாள்:
'ஆயுத பூஜைக்கு முதலாளி காருக்கு முன்னால
நம்ம வண்டிய நிறுத்துனீங்களே, அதுவா?'

அப்பாவையும் ஓர் ஒப்பந்தம்தான் கப்பலேற்றியது,
தலைமன்னாரில்.
இரண்டு அரசாங்கத்தின் கையெழுத்து.
அவர் எந்தத் தரப்பு என்று
கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
நானாவது இரண்டாம் தரப்பு.

வக்கீல் சுனிதா போஜன்
கடிதத்தைப் படித்தார், பிறகு உறையைப் படித்தார்.
'காரணம் சொல்லணும்னு கட்டாயமில்லை.
நீங்க கூலியாள் இல்லை, வண்டிக்காரர்;
தொழிலாளர் கோர்ட் உங்களுக்குத் திறக்காது.
திரும்பச் சேர்த்துக்கோன்னும் கேட்க முடியாது.
ஆனா...'

அந்த ஆனாவுக்கு நடுவில் டீ வந்தது.

'அறிவிப்பு கைக்குக் கிடைச்ச நாள்லேருந்து முப்பது நாள்னு இருக்கு.
மூணாம் தேதி எழுதி, பதினொண்ணாம் தேதி சேர்ந்திருக்கு.
கேட்டை எப்ப அடைச்சாங்க?'
'ஆகஸ்ட் மூணு, காலையில.'
'அப்ப எட்டு நாள் உங்களோடது.'

எட்டு நாள் என்னுடையது!
இந்த மலையில் வேறெதுவும்
என் பெயருக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

எட்டு நாள், நாளுக்கு இரண்டு நடை,
நடைக்கு ஆயிரத்து நூற்றைம்பது.
முன்பணம் நாற்பதாயிரம். ஜூன் மாதப் பாக்கி.
நோட்டீசின் அடியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்:
ஏன்?
அவர் பேனாவால் அடித்தார்.
'வாங்கக்கூடியதை மட்டும் கேட்போம்.'

அதற்குப் பிறகுதான் பிரிவை முழுதாகப் படித்தேன்.
'எத்தரப்பினரும்' என்று இருந்தது.
அப்படியானால் ஒன்பது வருஷத்தில்
எந்த விடியற்காலையிலும்
நானும் காரணம் சொல்லாமல்
வண்டியைத் திருப்பியிருக்கலாம்.
அந்த உரிமை டாஷ்போர்டுக்குள்
இன்சூரன்ஸ் தாளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.
வண்டிக்குத் தவணை கட்டுகிறவனுக்கு
அது என்ன உரிமை என்பது வேறு.

அக்டோபரில் செக் கொடுத்தார்கள்.
கணக்கர் ரசீதில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டே
குரலைத் தாழ்த்தினார்:
'உண்மையில என்ன நடந்துச்சுன்னா, கதிரேசா...'
'வேணாம் சார்' என்றேன்.
'அது தேவையில்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.'

சரியாகச் சொன்னேன் என்றுதான் இருந்தது
அரவேணு வரை.

இப்போது மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றுகிறேன்.
ஒப்பந்தம் கிடையாது, வாய்ப்பேச்சு.
குஞ்சப்பனை இறக்கத்தில்
இரண்டாம் கியருக்கு மாற்றும்போது
சில நாள் அந்தக் கணக்கர் வாயைத் திறக்கிறார்.
எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்பதில்லை.