பாக்கி

பலகையில் அங்கப்பன் அண்ட் சன்ஸ் என்றிருக்கும்.
சன்ஸ் இரண்டு பேர்.
ஒருவர் என் வீட்டுக்காரர் ஏகாம்பரம்.
மற்றவர் எங்களோடு பேசி இருபத்தெட்டு வருஷம்.
கணக்கெழுதுகிறவள் பெயர் பலகையில் வராது.
என்னிடம் இருப்பது
ஒரு பிஸ்கட் டின் நிறைய
மூன்று ஐந்து போட்ட சின்ன நோட்டுகள்.

முதல் நோட்டில் ரப்பர் பால் கறை.
மாமனார் அப்போது ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில்
ஆலை எஞ்சின் பார்த்தார்.
துரையின் எம்ஜி காரைத் துடைக்கச் சொன்னார்கள்.
துடைத்தவர் சும்மா இல்லாமல்
கார்புரேட்டரையும் கழற்றித் துடைத்து
ஜெட் துளையை மயிரளவு அகட்டிவிட்டார்.
மறுநாள் மூன்றாம் வளைவில்
துரை காரோடு கால்வாயில்.
சீட்டுக் கிழியும் என்று காத்திருக்க,
ஞாயிறன்று துரையே வந்து
இன்னும் கொஞ்சம் முடியுமா என்றாராம்.
சொல்லும்போதெல்லாம் வளைவின் எண் மாறும்.
நோட்டில் ஒரு வரிதான்:
துரை, அஞ்சு வெள்ளி.

பால்மரம் சாய்த்துச் செம்பனை நட்ட வருஷம்
கணக்கு முடித்துக் கொடுத்த காசில்
ஸ்டேஷனுக்குப் பின்னால் அரைக் கடை.
மறு பாதியில் லிம் டயர் மாட்டினார்.
டட்சன், எஸ்கார்ட், முட்டி தேய்ந்த கரோலா.
பிறகு சாகா வந்தது. ஊரெல்லாம் ஒரே கார்.
அந்த ஒரே காரை வேறு காராக்க
ஜொகூர் பாருவிலிருந்தும் ஆள் வந்தது.
ஜப்பானிலிருந்து பாதியாய் அறுத்த கார்கள் இறங்கும்,
மூக்கும் எஞ்சினும் மட்டும்.
பின்பக்கம் எங்கே என்று
கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டுவிட்டேன்.
இன்றுவரை கேலி.

பாசிர் கூடாங் பந்தயத்தில்
பதினோராம் சுற்றுவரை நான்காவது.
பன்னிரண்டில் கனெக்டிங் ராடு
எஞ்சின் வயிற்றைக் கிழித்து வெளியே குதித்தது.
அதைப் பொறுக்கி வந்து சாமி மேடையில் வைத்தார் மாமனார்.
வெள்ளிதோறும் அதற்கும் விபூதி.

பச்சை அட்டை நோட்டு, தொண்ணூற்றாறு.
லோகேந்திரன். வீரா. டர்போ.
நாலாயிரத்து எண்ணூறு.
பாக்கி முன்னூற்று நாற்பது.
ஓட்டிப்போன ஒன்பதாம் நாள்
லாயாங் லாயாங் சாலையில்
குலை ஏற்றிய லோரி.
எஞ்சின் கெடல, நம்ம வேலை கெடல என்று
திரும்பத் திரும்பச் சொன்னார் கொழுந்தனார்.
இவர் ஸ்பேனரை எறிந்தார்,
தம்பி மேல் அல்ல, சுவரில்.
அந்தக் குழி இருக்கிறது.
தம்பி கூலாயில் தனிக்கடை போட்டார்.
பலகையை யாரும் மாற்றவில்லை.

கருமாதி முடிந்த மாதம்
பையனின் அம்மா பச்சையம்மா வந்தார்.
உதிரிப்பழம் பொறுக்கும் வேலை,
நகத்தில் ஆரஞ்சு நிறம்.
இரண்டு பத்து வெள்ளித் தாள்.
மகன் வெச்ச பாக்கி.
வேண்டாம் என்றோம். மேசையில் வைத்தார்.
அடுத்த மாதமும். பதினேழு மாதம்.
நான் எழுதும்வரை நகராமல் நிற்பார்.
எழுதினேன்.
கடைசி இருபதை வைத்த அன்று
இவரைக் கூப்பிடச் சொன்னார்.
நல்லா ஓடுச்சா, தம்பி?
இவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
கையில் அழுக்கில்லை.
மறுபடி கேட்டார்.
நல்லா ஓடுச்சும்மா.

கணக்கு நேராகிவிட்டது.
முப்பத்து நான்கு சிவப்புத் தாள்
டின்னின் அடியில் அப்படியே.
என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

இப்போது மகள் கவியரசி, லேப்டாப்.
உருளைமேல் ஏற்றிய கார்
நின்ற இடத்திலேயே நூற்றெண்பது ஓடுகிறது.
வெளியே ஒரு மட்டை அசைவதில்லை.
நேற்று குளுவாங்கிலிருந்து ஒரு பையன். மைவி.
இருநூற்றைம்பது குதிரை வேண்டுமாம்.
முதல்ல பிரேக் என்றாள்.
அதுக்குக் காசில்லையே அக்கா.
அப்ப காசு சேர்த்துட்டு வா.

சாவியைச் சுழற்றிக்கொண்டே போனான்.
கூலாய்க்குத்தான் போயிருப்பான்.
நாற்பது நிமிஷம்.
அவசரக்காரனுக்கு முப்பது.