செவ்வாய், பதினொன்று

தண்ணீர் லாரி வந்த நேரத்தில்தான் முதல் அழைப்பு.
இடது கையில் குழாய்,
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
"யெஸ் சார், யெஸ் சார்" என்றேன்.
மணலியில் கன்டெய்னர் யார்டு, பில்லிங் பிரிவு.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.
நீல டிரம் வழிந்து வாசலெல்லாம் ஓட
டெல்பினா அக்கா கத்தியது
அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது.
பெருங்குடி. கண்ணாடிக் கட்டடம். ஆறாயிரம் அதிகம்.
செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.
ஏழு மாதமாக ஒருத்தரும் கூப்பிடவில்லை,
கூப்பிட்ட இரண்டு பேருக்கும்
வாரத்தில் வேறு கிழமையே தெரியவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து பெருங்குடிக்கு
பீச்சில் இறங்கி இன்னொரு ரயில்.
மணலிக்கு ஷேர் ஆட்டோ, அதற்கு முன்னால் கேட்.
காலண்டர் தாளின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
எப்படிப் போட்டாலும் பதினொரு மணிக்கு நான்
பீச் ஸ்டேஷன் படிக்கட்டில்
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

"யாரையாவது சாகடிக்கா" என்றான் தம்பி லியோ.
சித்தப்பாவை ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில்
அடக்கம் செய்தாயிற்று.
அவர் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார்.
"இன்னொரு தடவைன்னாலும் எனக்குப் பரவால்லம்மா."

வேண்டாம் என்று உண்மையை எழுதினேன்.
'அன்று வேறொரு நேர்காணல்' என்று வந்ததை
'தவிர்க்க முடியாத காரணம்' ஆக்கினேன்.
'புதன்கிழமை எந்த நேரமானாலும்' –
ரொம்பக் கெஞ்சுகிறது, எடுத்தேன்.
எடுத்ததும் திமிராகத் தெரிந்தது, திரும்பப் போட்டேன்.
பெருங்குடிக்கு அனுப்பினேன்.
ஏன் மணலிக்கு அனுப்பவில்லை என்று கேட்காதீர்கள்.
மணலிக்காரர் என் பெயரைச் சரியாகச் சொன்னார்,
ஜெபமலர் என்று. அவ்வளவுதான்.

ஒரே சொல்லில் பதில்: "நோட்டட்."
புதன் சரியா, வேண்டாமா,
அல்லது என்னைத்தான் குறித்துக்கொண்டார்களா.
தேங்காயைப் போலக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்,
உள்ளே ஒன்றும் அசையவில்லை.

செவ்வாய். ஒன்பதரைக்கே கிளம்பி
கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
சரக்கு ரயில், நாற்பத்து மூன்று பெட்டி.
இதற்கெல்லாம்தானே பில் போடப்போகிறோம் என்று
ஒவ்வொன்றும் கொஞ்சம் பழகின முகமாய்ப் போனது.
பின்னால் பைக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்,
ரயிலைப் பார்த்து.

உள்ளே பன்னிரண்டு நிமிடம்.
எக்செல்? தெரியும்.
கல்யாணம்? இன்னும் இல்லை.
நைட் ஷிப்ட்?
எதிரில் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்தேன். வருவேன்.
"சொல்லி அனுப்புறோம்மா."
யாரிடம் சொல்லி, யாரை அனுப்புவார்கள்.

புதன்கிழமை, இஸ்திரி மடிப்புக் கலையாமல்
சாயாமல்
நாலு மணிவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பர்சனல் லோன் கூப்பிட்டது.
சிலிண்டர்காரர் ஓடிபி கேட்டார்.
யாரோ ஒரு முருகானந்தத்தின் மருந்து
என் நம்பருக்குக் கிளம்பி, வந்து, திரும்பிப் போனது.
ஸ்பேமுக்குள் தினமும் இறங்கிக் கிளறினேன்;
கொடுங்கையூரில் கிளறுகிறவர்களுக்காவது
இரும்பு கிடைக்கும்.

பதினேழாம் நாள் குளித்துவிட்டு வந்தால்
ஒரு மிஸ்டு கால். 044 என்று ஆரம்பிக்கிற லேண்ட்லைன்.
திருப்பி அடித்தால் ஒரு பெண் குரல், பதிவு செய்தது,
கம்பெனிப் பெயரைச் சொல்லாமல்
எக்ஸ்டென்ஷன் தெரிந்தால் அழுத்தச் சொல்கிறது.
தெரியாது.
பூஜ்யத்தை அழுத்தினேன்.
மணலியா, பெருங்குடியா, லோனா,
முருகானந்தத்தைத் தேடுகிறார்களா –
மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை.

தெருமுனையில் லாரி.
டெல்பினா அக்கா தன் டிரம்மோடு
என்னுடையதையும் உருட்டிக்கொண்டு போகிறார்.
நான் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை.
ஸ்பீக்கரில் போட்டு
ஜன்னல் கட்டையில் வைத்திருக்கிறேன்,
ஈரத் தலையோடு.
இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.