அறுநூறு ஓம்

கிடினியா துறைமுகத்துக்கு மேலே
நான்காம் மாடி. பிப்ரவரி.
கதவைத் திறக்கும்போதே ஸ்வாவோமிர்
விலையைச் சொல்லிவிட்டார்:
எழுநூறு ஸ்லோட்டி, பேரமில்லை.

என் பையில் ஹெட்ஃபோன்.
இழுத்து மூடிய வானொலி நிலையத்தின் ஏலத்தில்
ஒரு ஜோடிக் கையுறை விலைக்குக் கிடைத்தது.
அறுநூறு ஓம் என்று உள்ளே பொறித்திருக்கும்.
ஓம் என்றால் இங்கே சம்மதமில்லை,
எவ்வளவு மறுக்கும் என்பதன் கணக்கு.
போனில் செருகினால்
சுவருக்கு அப்பால் நடக்கும் கல்யாணம்:
நடக்கிறது என்று தெரியும்,
யாருக்கென்று தெரியாது.

மேசைமேல் ஆம்ப்ளிஃபையர்.
பிஸ்கட் டின் அளவு, இரண்டு வால்வு,
அவரே பற்றவைத்தது.
"சீறல் இருக்கிறதா, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.
முப்பது வருடம் கப்பல் தகட்டைத் தட்டிய காது இது,
மெல்லியதெல்லாம் போய்விட்டது.
இவள் இருக்கிறதென்கிறாள். நான்கு வருடமாக."

சமையலறையில் ஊர்ஷுலா
பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தார்.

வால்வு சிவக்க ஒரு நிமிடம்.
செருகிக் குமிழை முக்கால்வாசி திருப்பினேன்.
ஒன்றுமில்லை.
பனி பெய்து முடித்த தெரு.
பிறகு செல்லோ,
வில் நரம்பைத் தொடுமுன்
வாசிப்பவர் மூக்கால் இழுத்த மூச்சு உட்பட.

"இல்லை" என்றேன்.
வழக்கில் ஜெயித்தவர்போல
சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.
துருவும் சத்தம் நின்றது.

பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.
நீங்கள் எதில் கேட்பீர்கள் என்று
ஏன் கேட்டேனோ.
இழுப்பறையிலிருந்து எடுத்தார்:
சின்னது, பஞ்சு உதிர்ந்தது, முப்பத்திரண்டு ஓம்.
மாட்டினேன்.
காதுக்குள் யாரோ முட்டை பொரித்தார்கள்.

இதில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை.
வேறு எப்படிச் சொல்ல?
பெட்டி ஊதுவது ஒரே காற்றுதான்,
அடுப்பு எரிகிறது, விளக்கு அணைகிறது.

அவர் எழுந்து உள்ளே போனார்.
கதவிடுக்கில் முதுகு மட்டும் தெரிந்தது.
என்ன சொன்னாரோ,
நான் கழற்ற மறந்திருந்தேன்,
எனக்குக் கேட்டதெல்லாம் அந்தச் சீறல்.

திரும்பியபோது அவர் விரல்களில் பீட்ரூட் சிவப்பு.
"அறுநூறு கொடுங்கள்," என்றார்,
"ஓமுக்கு ஒரு ஸ்லோட்டி."

ஊர்ஷுலா துண்டில் சுற்றிக் கொடுத்ததை
டிராலிபஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
ஏழு நிறுத்தம் தாண்டியும்
சூடு ஆறவில்லை.
எதிரில் இருந்த பெண்
குனிந்து பார்த்துக் கேட்டாள்:
பூனையா?