பார்வை: 1 முதல் 11 வரை

பொருள்: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்தல் –
நிர்வாக ஒப்புதல் வேண்டுதல் – தொடர்பாக.

இந்த இரண்டு வரியைக் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன்,
ஓர் எழுத்துப் பிசகாது.
‘பார்வை’ என்கிற இடத்தில்தான் கை நிற்கும்.
முதல் கடிதம் போனபோது ஒரே ஒரு பார்வை.
இப்போது பதினொன்று.
பதினொரு பார்வை, பார்த்தவர் யாருமில்லை
என்று பொறியாளர் தணிகைவேல் சொல்லிச் சிரிப்பார்.
மாற்றலாகி அரக்கோணம் போய்விட்டார்.
பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில்
அந்தச் சிரிப்பு இல்லை.

குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே எங்கள் பேரூராட்சி.
பரவனாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இடம்,
இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட், புறம்போக்கு.
அடங்கலில் பதினான்கு முந்திரி மரம்.
தானே புயல் ஒன்பதைச் சாய்த்துவிட்டது.
ஐந்து நிற்கிற இடத்தில் பதினான்கு எப்படி
என்று மேலிருந்து கேட்டார்கள்.
புயல் என்று எழுதினோம்.
புயலுக்குச் சான்று கேட்டார்கள்.
சான்று வாங்கி இணைப்பதற்குள் விலைப்பட்டியல் மாறியது.
விலை மாறினால் மதிப்பீடு பழசு,
மதிப்பீடு பழசானால் மண் பரிசோதனையும் பழசு.
அதே குழியில் அதே மண்ணை அள்ளினார்கள்,
பை மட்டும் புதுசு.

அதன்பின் நாற்பத்து மூன்றாம் பக்கம் திரும்பி வந்தது:
வரைபடத்தில் வடதிசைக்கு அம்புக்குறி இல்லையாம்.
ஸ்கேல் வைத்து நானே போட்டேன்.
எது வடக்கு என்று நிச்சயமில்லை எனக்கு,
ஜன்னலில் விழுந்த வெயிலைப் பார்த்து ஒரு குத்துமதிப்பு.
அந்த அம்பு ஒன்றுதான்
இதுவரை ஆட்சேபணையில்லாமல் போயிருக்கிறது.

கோப்பு நகராத வருஷங்களிலும் மரம் காய்க்கிறது.
சித்திரையில் ஐந்து மரத்துக்கும் ஏலம்,
போன வருஷம் ஆறாயிரத்து நூறு, ரசீது என் கையெழுத்தில்.
‘நிலையம் அமையவுள்ள இடம்’ என்ற பலகையில்
துரு ‘அமைய’ வரைக்கும் தின்றுவிட்டது.
‘உள்ள இடம்’ என்று நிற்கிறது.
அதற்கடியில் ஆடு படுத்திருக்கும்.

மாதம் பிறந்தால் தேசிங்கு வருவான்,
ஊரின் ஒரே கழிவுநீர் லாரி அவனுடையது.
“எங்கக்கா கொட்டறது? ஒரு எடம் காட்டுங்க.”
கடலூருக்குக் கொண்டுபோ என்றால்
“டீசலுக்கே போயிடும்க்கா,
போனாலும் வெளியூர் வண்டின்னு கேட்டுலயே நிறுத்தறான்.”
எழுதிக் கொடு, கோப்பில் சேர்க்கிறேன் என்றேன்.
“எழுதினா எம்பேரு வருமில்ல.”
வரும்தான்.
ஆற்றில் சுரங்கத் தண்ணீர் வருஷம் பூராவும் ஓடுகிறது,
ஓடுகிற தண்ணீரில் எதுவும் தங்காது என்பது
ஊரில் எல்லோருக்கும் சௌகரியமான நம்பிக்கை.

ஆடிக் கடைசியில் எங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்தது.
குளியலறை மூலையில் கறுப்பாக ஏறியது.
வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு
என்னைப் பார்த்தார்,
ஆபீஸ் மொத்தமும் நான்தான் என்பதுபோல.

ராத்திரி பத்தரைக்கு தேசிங்கு வந்தான்.
மூடியை நெம்பினான், குழாயை இறக்கினான்.
மோட்டார் ஓடியதும் தெருவில்
ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தும் சத்தம்.
இரண்டாயிரம். ரசீது கிடையாது.
எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு
ஏறும்போது என்னைப் பார்த்தான்.
இப்போது கேட்பான் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பின்விளக்கு ஒன்றுதான் எரிந்தது.
தெருமுனையில் இடப்பக்கம் கடலூர் ரோடு, வலப்பக்கம் ஆறு.
வண்டி முனைக்குப் போய்ச் சேருமுன்
நான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.

காலையில் அடுத்த நினைவூட்டலை அடித்தேன்.
பார்வை ஒன்று முதல் பதினொன்று வரை வழக்கம்போல.
அடியில் பன்னிரண்டு என்று போட்டு
எதிரே முந்தைய நாள் தேதியும்
இரவு 10.30 மணி என்றும் சேர்த்தேன்.

மதியம் செயல் அலுவலர் அறையிலிருந்து திரும்பி வந்தது.
பன்னிரண்டைச் சிவப்பு மையில் சுழித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்:
கடித எண்?