ஏழரை

மூன்றாம் குளத்துக் குறிப்பேட்டில்
காலை ஏழு நான்கு, பின்னேரம் எட்டு எட்டு
என்று நான்தான் எழுதிவந்தேன்.
வெயில் ஏற ஏறும், இருட்ட இறங்கும்.
பாசி மூச்சுவிடும் கணக்கு அது.
இறாலுக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம்.

கார்த்திகையில் வாகரைக்கு இரண்டு இரவு மழை.
வெட்டிப்போட்ட நாள்முதல் வெயிலில் கிடந்து
துருவேறிய வரம்பு
தன் புளிப்பையெல்லாம் குளத்துக்குள் கழுவிவிட்டது.
தாளை நனைத்தேன்: ஐந்து.
நம்பாமல் இன்னொன்று கிழித்தேன்.
ஐந்து.

"சுண்ணாம்பைக் கொண்டுவாகா!"
றம்சீன் முதலாளி வரம்பில் நின்று கத்தினார்.
பதினெட்டு மூட்டை, டோர்ச் வெளிச்சத்தில்.
அளவு பார்க்க யாருக்குக் கை ஓய்ந்தது?
விடியும்போது பத்தைத் தாண்டியிருந்தது.
ஐந்துக்குத் தப்பிய இறால்கள்
பத்தில் வெள்ளையாய் மிதந்தன.

மறுகா, ஒரு போத்தல் தண்ணீரை மடியில் வைத்து
வந்தாறுமூலைக்கு பஸ் ஏறினேன்.
ஆய்வுகூடத்துச் சுகிர்தமலர்
ஒரு சொட்டைக் கண்ணாடியில் இட்டு
என்னைக் குனியச் சொன்னாள்.

துடித்தன.
எழுதாத வசனத்திலிருந்து உதிர்ந்த
காற்புள்ளிகள்.

"வெளியே ஐந்தோ பத்தோ,
உள்ளே ஏறத்தாழ ஏழரை.
அதை மட்டும் விடாதுகள்."

ஏழரை என்றால் நமக்குச் சனி.
இதுகளுக்கு அதுதான் உயிர்.

ஓட்டைத் தோணிக்காரனைப்போல
புளிப்புக் கசியக் கசிய
அள்ளி வெளியே ஊற்றுமாம்.
காரம் மிஞ்சினால் அதே ஆள் மறுபக்கம் திரும்பி
உப்பை வெளியே கொடுத்து
புளிப்பை உள்ளே வாங்குமாம்.

"இறைக்கிற வரைக்கும் பெரிதாய்ப் பெருகாது.
தின்கிறதெல்லாம் இறைக்கிறதுக்கே சரி" என்றாள்.
"அந்த மூலையில் சும்மா கிடக்கிறதுகளைப் பாருங்கோ,
அதுகள் கை ஓய்ந்ததுகள்."
அந்த மூலையில்தான்
கூட்டம் அதிகம்.

பகல் கன்டீனில் சோறும் எருமைத் தயிரும்.
சுண்ணாம்பில் வெடித்த விரலிடுக்குகளில்
தயிர் சுர்ரென்று ஏறியது.
தாங்கள் ஆக்கிய புளிப்புக்குள்ளேயே
மெல்ல மெல்ல அடங்குகிறதுகளும் உண்டாம்.
சட்டியை வழித்துத் தின்றேன்,
பசி.

பொழுதுபடத் திரும்பினேன்.
றம்சீன் முதலாளி வங்கிக்காரனோடு
போனில் இருந்தார்.
பேனையைத் திறந்து நிரப்பினேன்.

மூன்றாம் குளம்: ஒன்பது எட்டு.
இறால்: இல்லை.

"வேறு" என்று ஒரு கட்டம் இருக்கிறது.
மூன்று வருடமாய் அதில் கோடுதான் போட்டிருக்கிறேன்.
இன்று எழுதினேன்:
இறைக்குதுகள்.