பதினெட்டு

மார்ச்சில் தொடங்கியது.
பிலிப் தீவின் கடற்காற்று
காரை ஒரு முழம் தள்ளிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கும்.
இறக்கை இல்லை, கூரை இல்லை, ஓர் ஆளுக்கே இடம்.
அதற்குள் பாதி படுத்தபடி ரோவன்,
பதினேழு வயது.
பெனல்லாவுக்குத் தெற்கே பால்பண்ணை.
டயர் செலவுக்கென்று அவன் அப்பா
பதினொரு மாடுகளை விற்றிருந்தார்.
அவற்றின் காதுகளில் இருந்த எண்கள் எனக்குத் தெரியாது.
டயர்களின் எண்கள் இன்றும் மனப்பாடம்.

என் வேலை காற்று.
வாரநாளில் டெஸ் கராஜில் டிராக்டர்கள்,
வார இறுதியில் இந்த நாலு சக்கரம்.
இளவழுதி என்ற பெயரை டெஸ் 'இலா' ஆக்கியபோதும்
கொஞ்சம் காற்றை இறக்கிவிட்ட மாதிரிதான் இருந்தது,
ஓட்டத்துக்கு அது நல்லதென்று விட்டுவிட்டேன்.

காய்ச்சல்காரன் நெற்றியைப் போல ரப்பரைத் தொட்டுப் பார்ப்பேன்.
ஊசி குத்தி மூன்று இடத்தில் சூடு பார்ப்பேன்,
உள்ளே, நடுவே, வெளியே.
எழுதுவேன், அடிப்பேன், மறுபடி எழுதுவேன்.

தஸ்மேனியாவுக்குக் கப்பலில் போனோம்.
இரவெல்லாம் வாந்தி எடுத்தவன் மறுநாள் வென்றான்.
இப்ஸ்விச்சில் ஒருவன் சக்கரம் இவன் சக்கரத்தில் ஏற,
வளைந்த கம்பியை
மோட்டல் கார் நிறுத்தத்தில் டெஸ் நிமிர்த்தினார்,
நான் டார்ச் பிடித்தேன்,
மாடியிலிருந்து யாரோ திட்டினார்கள்.
கௌல்பர்னில் மழை.
முன்னால் போகிறவன் கிளப்பும் வெள்ளைத் தண்ணீருக்குள் புகுந்து
ஐந்து பேரைத் தாண்டி வெளியே வந்தான்.
எப்படிடா என்றோம்.
"அவங்க ஆக்சிலேட்டரை விடுற சத்தம் கேட்டுச்சு."

கடைசிச் சுற்று வின்டனில். செப்டம்பர்.
வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.
ஒன்பது புள்ளி முன்னால் இருந்தோம்,
ஐந்தாவதாக வந்தாலே போதும்.

காலை ஏழு மணிக்கு மூடுபனி.
எதிர்வளைவில் கொடி பிடிக்கிறவர்
இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை.
பதினெட்டு வைத்தேன். குளிருக்குச் சரியான பதினெட்டு.
பந்தயத்தைத் தள்ளி வைத்தார்கள்.
தேநீர் குடித்தோம். ரோவனின் அம்மா சாசேஜ் சுட்டார்.
அவன் தங்கை என் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள்.
பத்தரைக்குப் பனி கலைந்து
தார் பளபளவென்று வெயிலில் கிடந்தது.
ஒரு நொடி வேலை:
வால்வை அழுத்தி, உஸ்ஸென்று, இரண்டு குறைத்திருக்க வேண்டும்.
யாரோ எதையோ கேட்டார்கள்.
நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது லாப் வரை மூன்றாவது.
ஒன்பதில் பின்பக்கம் லேசாக ஆடியது,
கூட்டத்தில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துத் திரும்புவதைப் போல.
பத்தில் முழுதாகவே திரும்பிவிட்டது.
புல், புழுதி, மறுபடி தார்.
ஏழாவதாக வந்தான்.
இரண்டு புள்ளியில் போனது பட்டம்.
டெஸ் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.
நான் இடது பின் சக்கரத்தை அளந்தேன்.
கருவி பொய் சொல்லவில்லை.
அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன்.

வீடு திரும்பும்போது என் பழைய கொரோலாவை அவன்தான் ஓட்டினான்,
முன்னும் பின்னும் மஞ்சள் எல் பலகை,
பக்கத்தில் உரிமம் உள்ள ஆளாக நான்.
வண்டி எண்பதில் போனது. எங்களைத் தாண்டிப் போன கேரவனுக்கு
இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டான்.
சாலை நெடுக ஆளே இல்லை,
ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் போட்டான்.
டிக் டிக் டிக்.

பண்ணைக் கதவு வந்தது. நிறுத்தினான்.
எஞ்சினை அணைக்கவில்லை.
"காலையில என்ன வச்சோம்?"

வச்சோம் என்றான்.

பதினெட்டு என்றேன்.
அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தான்,
எண்ணைக் கூட்டிக் கழிப்பவனாக.
பிறகு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.
உள்ளே, விற்காத மாடுகள்
கறவைக்கு நேரமாகிவிட்டதென்று
கத்த ஆரம்பித்திருந்தன.